ஓக் மரத்து ஊர்வலம்

1

இன்று காலை வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்துதான் இவர், என் மனுசன், என்னை எழுப்பினார்.

“எழும்பும். வந்திட்டுது.”

எது என்று நான் கேட்கவில்லை. மே, யூன் மாதங்களில் எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அது ஒன்றுதான். குசினிக்குப் போய்க் கண்ணாடியால் வெளியே பார்த்தேன். எங்கள் மூன்றாம் மாடி வரைக்கும் கிளை நீட்டி நிற்கிற ஓக் மரம் எப்போதும்போல நின்றது. இவர் காட்டிய இடத்தில் இலைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. வெயில் நேரே கண்ணில் அடித்ததால் என்னவென்று பிடிபடவில்லை.

பக்கத்து அறையில் மகள் தர்ஷா சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. காற்றில்லாத அறையில் இருந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கும். யன்னலைத் திறந்துவிட்டு, வந்திருப்பது அதுவாகவே இருந்தால், மூச்சு இழுப்பதோடு நிற்காது.

“அம்மா, ஷோ!” என்று உள்ளேயிருந்து கத்தினாள். சூடாம்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. பார்த்துச் சொல்லுறன்.”

ஊரில் இருக்கிறவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், பிரான்சில் உங்களுக்கென்ன பயம், குண்டா விழுகிறது என்று. குண்டு விழுவதில்லைதான். ஆனால் தபாற்பெட்டியில் முன்பக்கம் கண்ணாடி வைத்த அரசாங்கக் கடித உறை கிடந்தால் அதைப் பிரிக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது. றெயிலில் திடீரென்று பெரிய குரலில் ஏதாவது அறிவித்தால், விளங்காதவள் நான் ஒருத்திதான் என்று பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வன்னியில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் எங்களோடு மரத்துக்கு மரம் நடந்து வந்தது. ஒரு கட்டத்தில் அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பிறகு நாங்கள் சந்திக்கவேயில்லை.

இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டார் பால்கனியில் இறைச்சி சுட்ட புகையைக் கண்டு, எல்லாக் கதவுகளையும் தட்டி, கட்டடத்தையே கீழே இறக்கியவள் நான். அன்றிலிருந்து இவர் ஆட்களுக்குச் சொல்வது இதுதான்: “இவவுக்குப் பயம் முழுநேர வேலை. லீவும் இல்லை, பென்சனும் இல்லை.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னம் அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பெரிய வினையாகப் பார்த்தது.

2

எங்கள் வீடு பாரிசுக்கு வடக்கே, RER D றெயில் ஓடுகிற புறநகர் ஒன்றில் இருக்கிறது. நான் வேலை செய்வது பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில். காலையில் றோல்ஸ், மத்தியானம் கொத்துரொட்டி, இடையில் மிதிவெடி. ஊரில் மிதிவெடி என்றால் ஓடிய நாங்கள், இங்கே அதற்குள் அவித்த முட்டையை வைத்துச் சுருட்டி, தூளில் பிரட்டிப் பொரித்து, தமிழ்ச் சனத்துக்கு விற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முதலில் முடிவது அதுதான்.

அந்த வருடம் மே மாதம் தர்ஷாவின் கழுத்தைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு வந்தது. பிறகு முழங்கையின் உள்பக்கம், பிறகு வயிறு. இரவெல்லாம் சொறிந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தொய்வுக்கு இழுக்கிற பம்ப்பையும் அடிக்கடி கேட்டாள். டொக்டர் பார்த்துவிட்டு, ஒவ்வாமை, உடுப்புத் தோய்க்கிற பவுடரை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். சம்பூவை மாற்றினேன். இறால் வாங்குவதை நிறுத்தினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கு மட்டும் ஏன் என்பதுதான் என்னைப் போட்டு வாட்டியது. அவளுடைய உடுப்பையும் தலையணை உறையையும் புறம்பாகத் தோய்த்து, பால்கனியில் நல்ல வெயிலில் காயப்போட்டேன். பால்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று கட்டடச் சட்டம். வெயில் படாத உடுப்பு என்ன உடுப்பு என்று வளர்ந்தவள் நான். எங்கள் இரண்டு பேரின் உடுப்பு குளியலறைக் கொடியில் கிடக்கும், பிள்ளையினுடையது மட்டும் வெயிலுக்குப் போகும்.

மரத்தில் அப்போது பச்சைப் புழுக்கள் நூலில் தொங்கின. கீழே நடந்தால் தலையில் வந்து இருக்கும். அவற்றில்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். ஒன்றைக் கடதாசியில் பிடித்து இவருக்குக் காட்டினேன்.

“இதுவோ? இதுக்கு ஒரு மயிர் கூட இல்லை. என்ர மண்டையைப் போல கிடக்கு” என்றார்.

பிறகு ஒருநாள் குப்பை போடப் போனபோதுதான் மற்றதைக் கண்டேன். அடிமரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சாக்குத் துண்டு ஒட்டியதுபோல ஒரு வலைக்கூடு. அதிலிருந்து உடம்பெல்லாம் மயிர் நிறைந்த புழுக்கள், மயிர்க்கொட்டிகள், இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரைப்போல இஷ்டத்துக்கு அல்ல. ஒன்றின் வாலில் மற்றதின் தலை முட்ட, வரிசையாக. முதலில் ஒன்று, பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் இன்னும் அகலமாக. முதலாவது நின்றால் எல்லாம் நின்றன. அது நடந்தால் எல்லாம் நடந்தன. இவ்வளவு ஒழுங்காகச் சனம் நகர்வதை நான் முன்பும் கண்டிருக்கிறேன்.

இவருக்குக் காட்டினேன். இவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“அட, எங்கட முருங்கை மயிர்க்கொட்டி! இதுக்கே பயந்தனீர்?”

முதலாம் மாடியில் இருக்கிற குணம் அண்ணையும் வந்து அண்ணாந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. மாரியில் முருங்கை அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்கும். காய்ந்த ஓலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்தி, அடியிலிருந்து மேலே ஒரு தடவு தடவினால் பொலபொலவென்று விழும். வன்னியில் ஒவ்வொரு வளவிலும் அதுதான் வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

“என்னட்டைப் பெயின்ற் அடிக்கிற நீளத் தடி இருக்கு” என்றார் குணம் அண்ணை.

“என்னட்டை அதில சுத்தப் பழைய சாரம் இருக்கு” என்றார் இவர். “ஞாயிற்றுக்கிழமை முடிச்சுவிடுவம்.”

“இது வேற நாடு, வேற மரம். வேற பூச்சியா இருந்தா?” என்றேன்.

குணம் அண்ணை என்னைப் பார்த்து, “தங்கச்சி, இண்டைக்கும் ஆக்களைக் கீழ இறக்கப் போறியோ?” என்றார்.

3

ஞாயிறுக்கு முன்னம் யாராவது வந்து பார்த்தால் இவர் விடுவார் என்று நினைத்தேன். கட்டடத்தைப் பராமரிக்கிற வீட்டுக் கந்தோருக்குத் தொலைபேசி அடித்தோம். அடித்தது நான், கதைத்தது தர்ஷா. கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, நான் தமிழில் சொல்ல, அவள் கண்ணை மேலே சுழற்றி அதில் பாதியைப் பிரெஞ்சில் சொன்னாள்.

“என்னவாம்?”

“மரம் அவையின்ர இல்லையாம். மெறியின்ரயாம்.”

மெறி என்றால் நகரசபை. அங்கே அடித்தால், வேர் வீட்டுக் கந்தோரின் நிலத்தில் இருப்பதால் அவர்களைக் கேட்கட்டாம். திரும்ப வீட்டுக் கந்தோர். இந்தமுறை ஒரு பெண் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டாள். ஓக் மரத்தில் எத்தனையோ புழு இருக்கும், அநேகமானவை ஒன்றும் செய்யாது, உங்களுடையது எது என்று நிச்சயமாகத் தெரியுமா என்றாள்.

தர்ஷா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று. இந்த நாட்டில் நான் அதிகம் ஆட்டிய ஆட்டு அதுதான்.

“அம்மா, வகுப்பில எல்லாரும் என்னைத் தள்ளி இருக்கச் சொல்லுறாங்கள்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். “எனக்கு ஏதோ தொத்துதாம். நீ பூச்சியோட மினக்கெடுறாய்.”

கூட்டையும் ஊர்வலத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். யாரிடம் காட்டுவது என்று மட்டும் தெரியவில்லை.

4

ஞாயிறு காலை புறப்படும்போது இவரிடம், “நான் வந்த பிறகு கொளுத்துங்கோ” என்றேன்.

“ஓம் ஓம்” என்றார். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

லாச்சப்பலில் ஞாயிறு மத்தியானம் மூச்சுவிட நேரமிராது. எங்கள் கடைக்கு ஞாயிறுகளில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை வரும். காவ்யா என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம். இங்கே ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். கொத்துக்குக் காத்து நின்றவளிடம் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டினேன்.

“தங்கச்சி, நீங்கள் ஆராய்ச்சிதானே செய்யிறீங்கள்? இது என்ன பூச்சி?”

“ஐயோ அக்கா, நான் கெமிஸ்ட்ரி. எனக்குக் கரப்பான் பூச்சியைப் பாத்தாலே ஆகாது. இருங்க, தேடிப் பாக்கலாம்.”

தன் கைத்தொலைபேசியில் தேடினாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“மரம் பைனா, ஓக்கா?”

“ஓக்.”

“கூடு கிளை நுனியில தொங்குதா, மரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கா?”

“ஒட்டிக்கொண்டு.”

“முதுகுல கறுப்பா ஒரு பட்டை, பக்கத்துல நீளமா வெள்ளை முடி?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இருந்தது.

“வரிசையா போகுதா அக்கா?”

“ஊர்வலம் மாதிரி.”

“பேரே அதுதான். பிரெஞ்சுல ப்ரொசெஸ்யோனேர்னு போட்டிருக்கு. ஊர்வலப் புழு. வளந்தா சின்ன அந்துப்பூச்சி ஆகுமாம்.” அவள் வாசித்துக்கொண்டே போனாள், குரல் மெல்ல மெல்ல இறங்கியது. “நீளமா தெரியற முடி இல்லியாம் அக்கா. கண்ணுக்கே தெரியாத குட்டி முடி இருக்கும், காத்துல பறக்கும். தோல்ல, கண்ணுல, மூச்சுக்குழாயில குத்தும். ஆஸ்துமா இருக்கறவங்க கவனமா இருக்கணும். மரத்துக்குப் பக்கத்துல துணி காயப்போடக் கூடாது...”

பிள்ளையினுடையது மட்டும் வெயிலுக்குப் போகும் என்று முன்னம் எழுதினேன் அல்லவா. அவளுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை என் இரண்டு கைகளிலும்தான் இருந்திருக்கிறது. அதை நினைத்து அழக்கூட நேரமில்லை. காவ்யா அடுத்த வரியை வாசித்தாள்.

“கூட்டைத் தொடாதீங்க, உடைக்காதீங்க, நெருப்பு வைக்காதீங்க. சூட்டுல முடியெல்லாம் மேல கிளம்பிப் பரவும்.”

இவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. தர்ஷாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. சாப்பிட்டாயா, பம்ப் இருக்கிறதா, கதவைப் பூட்டினாயா என்று நான் நாளெல்லாம் அடிக்கிறவள் அல்லவா. குரலில் பதிந்து அனுப்பினால் கேட்பதில்லை. தமிழில் எழுதினால் அவளுக்கு வாசிக்க வராது. பிரெஞ்சில் எழுத எனக்கு வராது.

“குடுங்க அக்கா” என்று காவ்யா என் கைத்தொலைபேசியை வாங்கிப் பிரெஞ்சில் எழுதி அனுப்பினாள்: யன்னல்களை உடனே பூட்டு. பூச்சி ஆபத்தானது. அப்பாவைக் கொளுத்த விடாதே.

உடனே பதில் வந்தது. “சே கீ?” யாரது என்று கேட்டிருந்தாள். அம்மா இவ்வளவு பிழையில்லாமல் எழுத மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்ப அடித்தேன். இந்தமுறை எடுத்தாள்.

“அம்மா, உன்ர போனை ஆரும் களவெடுத்திட்டாங்களோ?”

“அப்பா எங்கை?”

“கீழ. குணம் தொன்தோனோட. புகை வருது.” பிரெஞ்சில் மாமா என்றுதான் அவள் குணம் அண்ணையைக் கூப்பிடுவாள்.

“யன்னல்?”

“திறந்துதான் இருக்கு. புகையைப் பார்க்கிறன்.”

“பூட்டு! எல்லாத்தையும் பூட்டு! கீழ இறங்காதை!”

ஏப்ரனோடு ஓடினேன். முதலாளி பின்னால் கத்தியது கேட்டது. கார் து நோர் ஸ்ரேசன் வரைக்கும் சனத்தை இடித்துக்கொண்டு ஓடி, கிடைத்த றெயிலில் ஏறினேன். நிலத்துக்குக் கீழே சிக்னல் இல்லை. மேலே வந்ததும் கைத்தொலைபேசி அடித்தது.

“அம்மா, அப்பா கதவைத் தட்டுறார்.” அவளுடைய குரல் மாறியிருந்தது. “கண் எரியுதாம். கதவுத் திறப்பை உள்ளுக்கு மறந்து விட்டிட்டுப் போனவர். திறக்கவா?”

அவளுடைய மூச்சைக் கேட்டேன். இழுக்கத் தொடங்கவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு அதிர்கிற சத்தமும் கேட்டது. இவருடைய சாரத்திலும் தலையிலும் கையிலும் அந்த முடி இருக்கும். கதவைத் திறந்தால் எல்லாம் உள்ளே வரும், அவளுடைய நெஞ்சுக்குள் போகும். திறக்காவிட்டால், கண் தெரியாத மனுசன் தன் வீட்டு வாசலில் நிற்கிறார்.

“திறக்காதை” என்றேன்.

“அப்பா அழுறார், அம்மா.”

“திறக்காதை. பதினெட்டுக்கு அடி. பொம்பியேயை, தீயணைக்கிற ஆக்களை, வரச் சொல்லு. பெயரைச் சொல்லு, ப்ரொசெஸ்யோனேர். கண்ணைக் கசக்க வேண்டாம் எண்டு அப்பாவுக்குக் கதவுக்குள்ளால சொல்லு.”

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

5

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி நின்றது. இவரையும் குணம் அண்ணையையும் உடுப்பைக் கழற்றவைத்துக் கழுவி, கடதாசி போன்ற வெள்ளை உடுப்புப் போட்டு இருத்தியிருந்தார்கள். இவருடைய கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. என்ன பூச்சி என்று வந்தவர்கள் கேட்டார்கள். படத்தைக் காட்டி, பெயரைச் சொன்னேன். என்னிடம் இரண்டாம் தரம் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படியே. பெயரைச் சொன்னதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடிக்கு ஏறி, ஏப்ரனையும் செருப்பையும் படியிலேயே கழற்றிவிட்டு, பிறகுதான் கதவைத் தட்டினேன். தர்ஷா திறந்தாள். பம்ப் அவளுடைய கையில் இருந்தது. இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தாள்.

இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், கண்ணுக்கு மருந்து விடும்போது சொன்னார்.

“என்ர வீட்டுக் கதவை எனக்குத் திறக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டீர், என்ன?”

“ஓம்.”

மற்றக் கண்ணையும் மருந்துக்குக் காட்டினார். “உள்ளுக்கிருந்து அவள், அப்பா இருங்கோ, அப்பா இருங்கோ எண்டு சொல்லிக்கொண்டே நிண்டவள். நான் அவளைக் கதவை விட்டுத் தள்ளிப்போ எண்டு சொல்லியிருக்க வேணும். எனக்கு விளங்கேல்லை.”

வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து கூட்டை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்தைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார்கள். அந்த நாடாவைக் கண்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் கால் தானாக நின்றது. வன்னியில் மிதிவெடி கிடக்கிற இடத்தில் அப்படி நாடா கட்டியிருந்தால் ஏன் என்று கேட்காமல் சுற்றிப் போவோம். நாடா இல்லாத இடம்தான் அங்கேயும் ஆளைப் பிடித்தது.

ஓகஸ்டில் ஒருநாள் பின்னேரம் குளியலறைச் சுவரில் ஒரு பூச்சி இருந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பலும் மண்ணிறமுமாக, செட்டையில் மங்கலாக இரண்டு கோடு, நெஞ்சில் பஞ்சு. இவர் கண்டதும் வாசலுக்கு வெளியே போய் நின்றுவிட்டார். நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். அதற்குள் நானும் கொஞ்சம் கேட்டுப் படித்திருந்தேன். தர்ஷா வாசிக்க, நான் கேட்பது. இதுதான் அந்த மயிர்க்கொட்டியின் பெரிய ஆள். இதற்குச் சாப்பாடு இல்லை. ஒரு சில நாள்தான் சீவியம். குத்துகிற முடியெல்லாம் பழைய தோலோடு கூட்டிலேயே கழன்றுவிடும். ஓக் மரத்தின் உச்சிக் கிளையில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த முட்டை பனியெல்லாம் தாங்கி, இலை துளிர்க்கிற நேரம் பார்த்துப் பொரிக்கும். பிழை எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு மரம்தான்.

“இது ஒண்டும் செய்யாது” என்றேன்.

“உமக்கெப்பிடித் தெரியும்?” என்றார் வெளியிலிருந்து.

வெளிச்சத்தை நிறுத்தி, யன்னலைத் திறந்துவிட்டேன். அது போனது.

6

இப்போது இன்றைய காலைக்கு வருகிறேன். இந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் பயம் கைமாறிவிட்டது. பஞ்சு பறந்தால் இவர் யன்னலைப் பூட்டுகிறார். பால்கனிக் கொடியைத் தானே அறுத்து எறிந்தார். இன்றைக்குக் கழிவறையின் சின்ன யன்னலிடுக்கில்கூட ஈரத் துவாயை அடைத்திருந்தார்.

“அம்மா, மூச்சு முட்டுது” என்று தர்ஷா அறை வாசலில் வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் பம்ப்.

“பூட்டித்தான் இருக்க வேணும்” என்றார் இவர். “வந்திட்டுது எண்டு சொல்லுறன். நான் கண்டனான்.”

“எங்கை கண்டனீங்கள்?”

“அந்தா, அந்தக் கொப்பில. அசையுது.”

முந்தி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னதை நம்பியிருப்பேன். ஒன்றுக்கு இரண்டாக இன்னொரு துவாயும் அடைத்திருப்பேன். குசினிக் கதிரையை இழுத்து அதில் ஏறினேன். வெயில் கண்ணில் விழாத பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அடிமரத்தில் கூடு இல்லை. பெரிய கொப்புகளின் கீழ்ப்பக்கத்திலும் இல்லை. அசைந்த இடத்தில் இலைகள் சுருண்டிருந்தன. ஒரு சுருளிலிருந்து நூல் இறங்கியது. நூலின் முனையில் ஒன்று, தனியாக, காற்றில் சுழன்றது. பச்சை. ஒரு மயிர் இல்லை. அதற்குப் பக்கத்துக் கிளையில், இலையோடு இலையாக, வெளிர்பச்சைச் செட்டையை மடித்து ஒரு சின்ன அந்துப்பூச்சி இருந்தது. இதன் பெரிய ஆள் அது. இதுவும் ஓக் மரத்துக் குடிதான். மற்றதைப் போலவே அந்த மரத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆளை மட்டும் ஒன்றும் செய்யாது.

இன்னும் ஒருமுறை கூடு தேடினேன். என் சுபாவம் அது, விடாது. இல்லை.

“இது மற்றது” என்றேன். “பச்சைப் புழு. உங்கட மண்டை மாதிரி.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

மூன்று வருடத்துக்கு முன்னம் தொலைபேசியில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வி. தர்ஷா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியும். பயப்படாதேங்கோ.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இவர் எனக்குச் சொல்லிவந்த சொல் அது. ஒருநாளும் நான் அவருக்குச் சொன்னதில்லை.

இவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஈரத் துவாயை உருவி எடுத்து, ஒவ்வொரு யன்னலாகத் திறந்துகொண்டு வந்தார். கடைசியாகத் தர்ஷாவின் அறை யன்னல். காற்று உள்ளே வந்தது. அவள் பம்ப்பை மேசையில் வைத்துவிட்டு, புத்தகத்தை இழுத்துக்கொண்டு யன்னலோரம் போய் இருந்தாள்.